டல்சி ஆட்டம்

எங்கள் கரவின் என்ற சிற்றூரின் மன்றத்துச் சுவரில் ஓர் அட்டை பதினோரு வருடம் தொங்கியது. பத்துச் சீட்டுகளை வரிசையாக ஒட்டி, அடியில் 'டல்சி ஆட்டம்: இப்படி ஆடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார் மெர்வின் ஸ்டோக். சீட்டுக் கழகத்தின் தலைவர் அவர். அதைப் பார்த்தால் எனக்கே அவமானமாக இருக்கும். டல்சிக்கு எப்படி இருந்திருக்கும்!

டல்சி டிரான்டர், ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர்களுக்குச் சமைத்துப் போட்டவள். விடியுமுன் முப்பது பேருக்குக் கறி வறுத்து, பத்து மணிக்கு ஸ்கோன் ரொட்டி சுட்டு, கொட்டகை கொட்டகையாக அலைந்தவள். நாற்பது வயதில் இங்கே ஒரு சின்ன வீடு வாங்கினாள். புதன்கிழமை மதியம் மன்றத்தில் 'ஐந்நூறு' என்ற சீட்டாட்டம் ஆடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு தட்டு லாமிங்டன் கேக்கோடு வந்து நின்றாள். நாலு பேர் சிநேகிதம் கிடைக்கட்டும் என்றுதான் வந்தாள், பாவம்.

புதிதாக வருகிறவர்களுக்கு மாதிரி ஆட்டம் ஒன்று ஆடிக் காட்டுவது தலைவரின் வேலை. கற்றுக்கொள்பவரின் சீட்டு மட்டும் மேசையில் விரிந்து கிடக்கும். மற்றவர்கள் கையில் மறைத்துப் பிடிப்பார்கள்.

"எல்லாம் பொடிச் சீட்டா வந்திருக்கு கண்ணு. மிசேர் கேளு. ஒவ்வொரு சுத்துலயும் பெரிய சீட்டுக்குத்தான் பிடி. ஒரு பிடிகூட எடுக்காம தப்பிச்சா நீ ஜெயிச்ச. உன் கூட்டாளி சீட்டைக் கவுத்து வச்சிட்டு சும்மா இருப்பாரு. நாங்க ரெண்டு பேரும் ஒரு பிடியாவது உன் தலையில கட்டப் பாப்போம்" என்றார் மெர்வின்.

"இந்த ஆட்டின் அஞ்சு ஒத்தையா நிக்குதே?"

"அஞ்சுக்குக் கீழ என்ன இருக்கு? தைரியமா கேளு கண்ணு."

கறுப்புச் சீட்டில் ஐந்துதான் கடைசி. ஆட்டின், டைமன் என்ற இரண்டு சிவப்பிலும் மட்டும் நான்கையும் சீட்டுக்கட்டில் விட்டுவைப்பது எங்கள் வழக்கம். அதை அவர் சொல்லவில்லை. ஏனென்றால் ஆட்டின் நான்கு அவர் கையிலேயே இருந்தது. சமயம் பார்த்து அதை இறக்கினார். டல்சி வேறு வழியில்லாமல் ஐந்தைப் போட, பிடி அவள் தலையில் விழுந்தது. மன்றமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். மறு வாரம் அட்டை சுவருக்கு ஏறியது. அன்றிலிருந்து புதிதாக வந்தவர்களெல்லாம் அவளுடைய முட்டாள்தனத்தைப் பார்த்துத்தான் ஆட்டம் படித்தார்கள்.

வேறொருத்தியாக இருந்தால் வீட்டோடு இருந்திருப்பாள். டல்சி ஒரு புதன்கிழமையும் தவறவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அறுபது கிலோமீட்டர் தள்ளி வுண்டலாவுக்குப் போய் ஆடினாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் நான்தான் என் காரில் கூட்டிப்போவேன், அங்கே கூட்டாளியாகவும் உட்காருவேன். மூன்றே வருடத்தில் அந்த ஊரில் அவளை ஜெயிக்க ஆளில்லை. இங்கேயோ, புதன்கிழமை தவறாமல் சின்னச் சீட்டுகளை முதலிலேயே தூக்கி எறிந்து தோற்பாள்.

"ஏன் டல்ஸ் இந்த வேஷம்?" என்று கேட்டேன்.

"இங்க நான் மக்காவே இருக்கணும் லெஸ். பாதி விழுந்து எந்திரிச்சா பத்தாது. அந்தாளு முழுசா விழணும்."

எட்டு வருடம் அப்படியே தோற்றாள். எனக்கென்றால் எட்டு வாரம்கூடப் பொறுமை இருந்திருக்காது.

இந்த வருடம் கழகக் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் டல்சியும் நானும் ஒரு ஜோடியாக மெர்வினுக்கு எதிராக உட்கார்ந்தோம். அதிர்ஷ்டத்தில் வந்துவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது.

"ஜெயிச்சா கோப்பை வேணாம், அந்த அட்டையைக் கழட்டணும்" என்றாள் டல்சி.

"முதல்ல நாலுக்கும் அஞ்சுக்கும் வித்தியாசம் கத்துக்க கண்ணு."

ஆட்டம் இழுபறியாகப் போனது. அப்போது மெர்வின் நிமிர்ந்து உட்கார்ந்து, விரித்து ஆடும் மிசேர் கேட்டார். முதல் பிடி முடிந்ததும் அவர் சீட்டெல்லாம் மேசையில் திறந்து கிடக்கும். தப்பித்தால் அதே ஆட்டத்தில் கோப்பை. ஒரு பிடி விழுந்தால் எல்லாம் போச்சு.

முதல் சீட்டை இறக்கும் உரிமை அவருக்கு. பிடியே எடுக்கக் கூடாதவருக்கு அந்த உரிமை மறுபடி வராது. ஆகவே கையில் இருப்பதில் ஆபத்தான சீட்டு எதுவோ, அதை அப்போதே தொலைக்க வேண்டும். கிளாவர் எட்டை இறக்கினார். நான் ஏஸ் போட்டுப் பிடித்தேன். டல்சியிடம் கிளாவர் இல்லை. டைமன் நான்கை விட்டெறிந்தாள்.

"மாறவே மாட்டா" என்று சிரித்தபடி சீட்டை விரித்தார்.

ஆட்டினில் ஐந்து மட்டும் ஒற்றையாகக் கிடந்தது. டல்சி என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

என் ஒரே ஸ்பேடை இறக்கினேன். டல்சி ஏஸ் போட்டுப் பிடித்தாள். பிறகு ஸ்பேட் ராஜா, அடுத்து ராணி. மெர்வின் கையில் சின்ன ஸ்பேடுகள் வரிசையாக இருந்ததால் அவற்றையே போட்டாக வேண்டியிருந்தது, ஐந்தைக் கழிக்க வழியில்லை. என்னிடம் ஸ்பேட் தீர்ந்திருந்தது. இருந்த இரண்டு ஆட்டினையும் அந்த இரண்டு சுற்றில் கழித்துவிட்டேன். இனி அந்த ஐந்துக்கு மேலே போட்டு அவரைக் காப்பாற்ற என் கையிலும் ஒன்றுமில்லை.

இரண்டாவது ஆட்டின் விழுந்தபோதுதான் மெர்வின் சிரிப்பை நிறுத்தினார்.

டல்சி ஆட்டின் நான்கை எடுத்து, அவருடைய ஐந்துக்குப் பக்கத்திலேயே மெதுவாக வைத்தாள்.

"போடுங்க."

மன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை. அடக்கவும் தோன்றவில்லை.

அட்டையைக் கழற்றினாள், கிழிக்கவில்லை. பத்துச் சீட்டையும் பிய்த்துவிட்டு அவர் விரித்த சீட்டுகளை ஒட்டி, டல்சி என்ற பெயரை அடித்து, மேலே மெர்வின் என்று எழுதி அதே ஆணியில் மாட்டினாள்.

மறு புதன்கிழமை புதிதாக மூன்று பேர் வந்தார்கள். மாதிரி ஆட்டம் காட்டுவது தலைவரின் வேலைதானே? மெர்வின் அட்டைக்குக் கீழே உட்கார்ந்து ஆரம்பித்தார். டல்சி தேநீர்க் கோப்பையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த மூவருக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் சரியா புரியல. அஞ்சுக்குக் கீழ என்ன இருக்கு?"

அவர் வாய்க்குள் எதையோ முனகினார்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல கண்ணு" என்றாள். "சத்தமா சொல்லுங்க."