ஒரே தாளில் அடங்கிய ஊர்

என் பெரியம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தெருவில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். பெரியப்பாவின் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போடுகிறவள் அவள்தான். துளை போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவளிடம் பேசலாமா கூடாதா என்று வாடிக்கையாளர்கள் முடிவு செய்துகொள்வார்கள். பெரியப்பா நேர்மாறு, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். எவ்வளவு பெரிய தாளையும் சுருக்கி ஒரே தாளில் அடக்கிவிடுவேன் என்பது மட்டும்தான் அவருடைய பெருமை.

என் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வேன் வாசலுக்கே வந்து கூட்டிப்போகும், திரும்பக் கொண்டுவந்தும் விடும். ஒருநாள் வேன் வரவில்லை. ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் இனி வேன் கிடையாதாம். எங்கள் வீடு மூன்றரையாம். இரண்டு பஸ் மாறிப் போனோம். திரும்பும்போது அம்மா பஸ் நிறுத்தத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி நிறுத்தியபோது எனக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது.

மறுநாள் பெரியம்மா என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் வேன் பிரிவுக்குப் போனாள்.

"மூணரைன்னு எந்த மகராசன் அளந்தாரு?"

"நான்தாம்மா," என்றார் அங்கிருந்த அதிகாரி. மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த ஊர் வரைபடத்தை உருவி, அதன்மேல் ஸ்கேலை வைத்தார். "இது உங்க தெரு. இது ஆஸ்பத்திரி. ஏழு சென்டிமீட்டர். கீழ போட்டிருக்கு பாருங்க, ஒரு சென்டிமீட்டர்னா அரை கிலோமீட்டர்."

பெரியம்மா ஸ்கேலைப் பிடுங்கித் தானே அளந்தாள். ஏழுதான்.

"ரெண்டு பஸ் மாறி வரோம், அது மூணரை கிலோமீட்டரா?"

"பஸ்ஸ வச்சு முடிவு பண்ண முடியாதும்மா. மேப்புல என்ன இருக்கோ அதத்தான் நான் சொல்ல முடியும்."

அதை அவ்வளவு இனிமையாகச் சொன்னார்.

திடீரென்று பெரியம்மா தாளின்மேல் குனிந்தாள். வரைபடத்தின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. பெரியப்பாவின் மெஷின் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு. அங்கே எடுத்த எல்லாத் தாளிலும் இந்தக் கோடு விழும். ஸ்கேலை மேஜையில் போட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள்.

"அந்த ஆஸ்பத்திரி மேப்ப என்ன பண்ணீங்க?"

"பெருசா இருந்துச்சு. ஒரே தாள்ல வேணும்னாங்க. பாதியா சுருக்கிக் குடுத்தேன்."

"அடியில இருந்த எழுத்து?"

"அதுவும் சேர்ந்து சுருங்குச்சு. ஆனா நல்லா படிக்க முடியும்," என்றார் பெருமையோடு.

ஊர் பாதியாகிவிட்டது. அரை கிலோமீட்டர் என்ற எழுத்து மட்டும் மாறவில்லை. அந்தத் தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் உண்மையில் ஒரு கிலோமீட்டர். எங்கள் வீடு ஏழு கிலோமீட்டர். அன்று பெரியப்பா வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத முடியாது.

மறுநாள் காலை அவரையும் வேன் பிரிவுக்கு இழுத்துப்போனாள். "சுருக்கினது இந்த மனுஷன். கண்ண மூடிட்டு அளந்தது நீங்க. நல்ல ஜோடி."

அதிகாரியின் முகம் வெளுத்தது. நாளைக்கே வேன் வரும் என்றார்.

வந்தது. அம்மாவோடு பெரியம்மாவும் நானும் ஏறினோம். முன்பெல்லாம் முழங்காலை நீட்ட இடம் இருக்காது. இப்போது பாதிக்கு மேல் காலி.

"மத்தவங்கல்லாம் எங்க?" என்று பெரியம்மா டிரைவரிடம் கேட்டாள்.

"அவங்களுக்கு நிறுத்தினது நிறுத்தினதுதாம்மா. உங்கள மாதிரி யாரும் வந்து சண்டை போடலையே."

பெரியம்மாவின் முகம் சிவந்தது. "தங்கச்சிய ஆஸ்பத்திரில விட்டுட்டு நேரா அந்த ஆள்கிட்டதான் போறேன். ஒவ்வொரு வீடா அளக்காம அவர எந்திரிக்க விடமாட்டேன்."

அம்மா சண்டைக்காரி இல்லை. விடு அக்கா என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பக்கத்தில் காலியாகக் கிடந்த சீட்டின்மேல் கையை வைத்தாள்.

"மொதல்ல இந்த சீட்டுல வர்ற டீச்சரம்மா வீட்ட அளக்கச் சொல்லுக்கா. வேன் நின்ன அன்னைக்கு அவங்க ஆஸ்பத்திரிக்கே வரல."