அண்ணனைக் கேட்காமல் அம்மா போட்ட மனு

அண்ணன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தால் ஊத்துக்கோட்டையில் எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். ஒருமுறை அவன் படித்த பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு மேடையேற்றினார்கள். அம்மாதான் தெய்வம் என்று மைக்கில் பேசினான். சரியான இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்று மதியமே, சாம்பாரில் உப்பு கூடிவிட்டதென்று அந்தத் தெய்வத்தின் மேல் எவர்சில்வர் தட்டை வீசினான். அம்மாவுக்கு நெற்றி கிழிந்தது. நானும், அம்மாவின் தம்பியான மாமாவும், அவர் மனைவி அத்தையும் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"புள்ள ஃப்ளைட்ல வந்த களைப்புல கீறான், உடுக்கா," என்றார் மாமா. ஃப்ளைட்டை விட்டு அவன் இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

அப்பா போன பிறகு எங்கள் நெல் வயலை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் பாய்ச்சுவது, ஆள் பிடிப்பது, வியாபாரியோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அவள்தான். அண்ணன் அங்கே குடியுரிமை வாங்கியதும், தனக்குச் சம்பளமில்லாத ஆள் ஒன்று தேவை என்பது அவனுக்கு நினைவு வந்தது. அதை அவன் பாசம் என்று சொன்னான். விசிட்டர் விசாவில் கூட்டிப்போனான். போனதும் கிரீன் கார்டுக்கு எழுதிப்போடுவதாகச் சொல்லியிருந்தான். எழுதவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டான்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியின் டிஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது அங்கே விடிந்திருக்கும். அவனும் அண்ணியும் வேலைக்குக் கிளம்பிய பிறகு அம்மா பேசுவாள். முதலில் பேரப்பிள்ளைகளைப் பற்றி. பிறகு குரல் தணிந்துகொண்டே வந்தது.

"விசா தேதி தாண்டிப்போச்சாம்மா. வெளில போனா போலீஸ் புடிச்சுக்கினு போயிடும்னு சொல்றான். சின்னவன் சோபாலேந்து விய்ந்துட்டான், அதுக்கு என் கன்னத்துல வெச்சான்."

"அண்ணி இன்னா சொன்னா?"

"டிவி சவுண்ட ஏத்துனா."

அங்கே இருந்த தமிழர்களோடு அம்மா பேசக் கூடாதென்று உத்தரவு. விஷயம் ஊருக்கு வந்துவிடும் என்ற பயம். ஆனால் ஆந்திர எல்லையோரத்தில் பிறந்து வளர்ந்த தன் அம்மாவுக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு என்பதை அந்த மேதாவி மறந்துபோனான். தான் மறந்த பாஷையை உலகமே மறந்துவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ் ஏற்றிவிட மட்டும் அம்மா தெருமுனைவரை போகலாம்; அங்கே நெல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அம்மா கையில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்து என்னவென்று தெலுங்கில் கேட்டிருக்கிறாள். முந்தின நாள் அண்ணன் போனைப் பிடுங்கும்போது விரலை முறுக்கியிருந்தான். எலும்பு உடைந்திருந்தது. அம்மா அங்கேயே நின்று அழுதிருக்கிறாள். அந்தப் பெண் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பிறகு அடிபட்ட பெண்களுக்கு உதவும் ஒரு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அங்கிருந்து அன்றே அம்மா போன் செய்து எனக்கு எல்லாம் சொன்னாள். மறுநாள் அண்ணன் எனக்குப் போன் செய்தான்.

"அம்மா உன்கிட்ட பேசுச்சா? எங்க கீதுன்னு சொன்னுச்சா?"

"உன் ஊட்லதானே இருந்துது? என்னப் போய் கேக்குற?"

"ஐயோ, புரிஞ்சிக்கோ. எனக்கு மீட்டிங்கு, அவளுக்கும் ஆபீசு. திங்கக்கெயம பசங்கள யாரு பாத்துக்கறது?"

வயதான தாயைக் காணவில்லை. அவன் கவலை திங்கட்கிழமை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்தேன்.

அந்த உதவி மையத்தில் இலவசமாக ஒரு பெண் வக்கீல் வந்து அம்மாவிடம் பேசினார். நெல்லூர்ப் பெண் தெலுங்கில் எடுத்துச் சொன்னாள். அந்த நாட்டுக் குடிமகனான பிள்ளை தன்னைப் பெற்ற தாயைக் கொடுமைப்படுத்தினால், அங்கேயே தங்கத் தாயே தன் பெயரில் மனு போடலாமாம். பிள்ளையின் கையெழுத்து வேண்டாம். அவனுக்குச் சொல்லவும் மாட்டார்களாம். இது அவன் மேல் போடும் கேஸ் அல்ல, அவளுக்காக அவள் கேட்பது, அவ்வளவுதான்.

"எதுக்கும்மா? பேசாம இங்க வந்துடேன்," என்றேன் போனில்.

"அவன் தொரத்தி வந்தவளா வரணுமா? நானா வரேன், எனக்கா தோணும்போது," என்றாள்.

மனுவுக்கு அவன் இவள் பிள்ளைதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அவன் நடத்தையை வைத்து யாரும் அப்படி நம்பமாட்டார்கள் என்பதால் பிறப்புச் சான்றிதழ் வாங்கி அனுப்பினேன். கொடுமையை நேரில் பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்தாலும் நல்லது என்றார் வக்கீல். நான் எழுதினேன். இன்னொருவர் எழுதினால் பலம். மாமாவைத் தேடிப்போனேன்.

"பெத்த புள்ளைய காட்டிக்குடுப்பாளா ஒருத்தி? நா எய்தி குடுத்துட்டு அவன் மூஞ்சில எப்டி முயிப்பேன்?"

"உன் அக்கா மூஞ்சில முயிப்பியா மாமா?"

தன் மகனை அமெரிக்காவில் படிக்கவைக்க அண்ணன் கைகொடுப்பான் என்று அவர் காத்திருந்தார். அக்காவின் விரலைவிட அது பெரியது. அதற்குள் அம்மா ஓடிப்போன கதை ஊரில் பரவிவிட்டது. அந்த மேடையில் கைதட்டிய வாத்தியார் ஒருவர் பஸ்ஸில் என்னைப் பார்த்து, தாய்க்குப் பொறுமை வேண்டும் என்றார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து கம்பெனி கேட்டில் ஆள் வந்திருப்பதாக செக்யூரிட்டி கூப்பிட்டார். வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அத்தை நின்றிருந்தாள். பஸ் மாறி மாறித் தனியாக வந்திருக்கிறாள்.

"தட்ட வீசுனத நான் பாத்தேன். ரத்தத்த தொடச்சதே நான்தான். எய்திக்கோ, கையெயுத்து போடறேன்."

"மாமாவுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடுமே அத்தை?"

"ஆவட்டும். அந்தாளுக்கு பயந்து பயந்து நான் இன்னாத்த கண்டேன்?"

எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

மனு முடிய வருஷங்கள் ஆயின. நடுவில் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. ஒரு ஆந்திராக்காரர் ஓட்டலில் அம்மா தோசைக்கல் முன் நின்றாள். இங்கே அவள் வயல் வேலை செய்வதே தனக்கு மானக்கேடு என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அண்ணன். அன்னையர் தினத்துக்கு மட்டும் அவன் ஸ்டேட்டஸில் அம்மா படம் தவறாமல் வந்தது. கீழே பாராட்டுகள், முதல் ஆளாக மாமா.

கிரீன் கார்டு கையில் வந்த பிறகு, போன பங்குனியில், அம்மா புது பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். என் வீட்டில் தங்கினாள். இளைத்திருந்தாள், அந்த விரல் மட்டும் நேராகவில்லை. மாமா ஆப்பிள் பையோடு வந்து நின்றார்.

"புள்ளைய மன்னிச்சுடுக்கா."

"அவன் கேட்டானா?"

"அவன் கேக்கல, நான்தான்…"

"அப்ப நீ காபி சாப்புடு," என்றாள் அம்மா.

அவள் அமெரிக்காவுக்குத் திரும்பக் கிளம்புவதற்கு முன் அண்ணனே போனில் பேசினான். அம்மா வந்திருப்பதை மாமா அதற்குள் சொல்லியிருந்தார். போனை அவளிடம் கொடுத்தேன். ஏதோ நீளமாகப் பேசினான். தழுதழுப்பு எனக்கே கேட்டது. அவன் முடிக்கும்வரை அம்மா பொறுமையாக இருந்தாள்.

"பசங்கள பாக்கணும்னுதான் கீது. அங்க வந்ததும் அட்ரஸ் சொல்றேன், ஞாயித்துக்கெயம கொண்டாந்து உடு," என்றாள். பிறகு, வயலில் கூலியாளிடம் பேசும் அதே குரலில், "நீ உள்ள வராத. கார்லயே உக்காரு."