கண்ணாடி இல்லாத கேமரா

கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டே படம் எடுக்கிற மாதிரி ஒரு கேமரா வந்திருக்கிறதாம். சொன்னவர் பஸ் டிப்போவின் டைம்கீப்பர். அவருக்குச் சொன்னவர் அவருடைய சகலை. சகலைக்கு யார் சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் டிரைவர் சும்மா இருப்பாரா? ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே மனைவியிடம் ஒப்பித்துவிட்டார்.

"பேரே அதுதானாம்மா. கண்ணாடி இல்லாத கேமரா!"

மனைவி, தெருவுக்கே அவள் போட்டோக்கா, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அது மிரர்லெஸ்ங்க. கேமராவுக்குள்ள ஒரு முகம் பாக்குற கண்ணாடி இருக்கும்ல, அது இல்லைன்னு அர்த்தம். மூக்குல மாட்டுறது இல்ல."

"எந்தக் கண்ணாடியோ ஒண்ணு இல்லாம இருந்தா சரி. முதல்ல தலையைத் தடவிப் பாரு."

தடவிப் பார்த்தாள். இருந்தது.

போட்டோக்காவின் பிழைப்பு பள்ளிக்கூட வகுப்புப் படங்கள். நாலு வயசு வாண்டுகளை மூன்று வரிசையில் நிறுத்தி, எல்லாக் கண்ணும் ஒரே பக்கம் பார்க்கிற ஒரு நொடியைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்கு அவளிடம் கைவசம் ஓர் ஆள் இருந்தார். டிரைவரின் ஜோடி தொலைந்த பச்சைக் கம்பளி சாக்ஸில் இரண்டு பொத்தானைக் கண்ணாக வைத்துத் தைத்தது. கையில் மாட்டினால் வாயைப் பிளந்து பேசும், கொட்டாவி விடும், தும்மும். பிள்ளைகள் வைத்த பெயர் சாக்ஸ் சித்தப்பா. வலது கையில் கேமரா, இடது கையில் சித்தப்பா. சித்தப்பா தும்மினால் முப்பது முகமும் மலரும். அப்போது அமுக்க வேண்டும்.

இத்தனை வருஷம் இப்படியே ஓடியது. பிறகு கண் மக்கர் பண்ண ஆரம்பித்தது. தூரத்தில் பறக்கிற காக்கையின் மூக்கு தெரிகிறது. கையில் இருக்கிற கேமராவின் பின்திரையில் வந்திருப்பது படமா கறையா என்று தெரியவில்லை. சித்தப்பா ஒரு கையை அடைத்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடியை ஏற்றி இறக்க அவளுக்குப் பொறுமையில்லை. தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகச் சேர்த்துச் செய்த கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். படியில் இறங்கும்போது தரை எம்பி எம்பி வந்தது. கழற்றிப் போட்டுவிட்டாள். 'நல்லாத்தான் வந்திருக்கும்' என்று நம்பிக்கொண்டு அடுத்த வகுப்பைக் கூப்பிடுவதே வழக்கமாகிவிட்டது.

போன வருஷம் அந்த நம்பிக்கை காலை வாரிவிட்டது. இருட்டுக் கூடத்தில் எடுத்த மூன்று வகுப்புப் படங்களிலும் கடைசி வரிசை மொத்தமாகக் கலங்கிப்போனது. ஓர் அம்மா படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "வகுப்புலதான் என் பையன் கடைசி வரிசை. உங்க படத்துலயும் அவனை ஒதுக்கணுமா?"

தலைமையாசிரியை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இந்த வருஷப் படம் எப்படி வருதுன்னு பாப்போங்க. அப்புறம் அடுத்த வருஷத்தைப் பேசிக்கலாம்" என்று சிரித்தபடியே சொன்னார். பெரிய பள்ளிக்கூடம் அது. அது கைவிட்டுப் போனால், மற்ற வேலையை எல்லாம் சேர்த்தாலும் பாதி வருஷம் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஆகவே புது கேமரா என்று முடிவானது. முடிவான செய்தி எப்படியோ அவள் தம்பியின் காதுக்குப் போய்விட்டது. தம்பிக்கு வீட்டில் 'ரிவ்யூ' என்று பெயர். உலகத்தில் வந்த கேமரா, வராத கேமரா எல்லாவற்றின் விமர்சனத்தையும் கரைத்துக் குடித்தவன். அவன் சொந்தக் கேமராவில் இதுவரை எடுத்தது எதிர்வீட்டு மாடித் தொட்டியும் அதிலிருக்கும் செடியும்தான்.

"அக்கா, எடுத்தா ஃபுல் ஃப்ரேம் எடு. மத்ததெல்லாம் பொம்மை."

"ஃப்ரேம் போடத்தான் நம்ம தெருமுனையில ஆள் இருக்கானேப்பா" என்றார் டிரைவர்.

"மாமா, நீங்க பஸ்ஸை மட்டும் ஓட்டுங்க, புண்ணியமாப் போகும்."

மூன்று பேருமாகக் கேமரா கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு மிரர்லெஸ்களை எடுத்து வைத்து, லென்ஸைக் கழற்றி உள்ளே காட்டினார். வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற பளபளப்பான சில்லு, சென்சார். ஒன்றில் பெரிய தபால்தலை அளவு. அதுதான் ஃபுல் ஃப்ரேம். இன்னொன்றில் கட்டைவிரல் நகத்தளவு.

"பெருசு இருட்டுலயும் நல்லா எடுக்கும்மா. ஆனா லென்ஸும் அதுக்கேத்த மாதிரி குண்டா இருக்கும். சின்னது கைக்கு அடக்கம்" என்றார்.

போட்டோக்கா பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. டிரைவரை ஸ்டூலில் உட்கார வைத்தாள். ரிவ்யூவை அவர் பின்னால் நிறுத்தினாள். கடைக்காரரை மாடிப்படியில் ஏற்றிக் கடைசி வரிசை ஆக்கினாள். பெரிய கேமராவில் ஒன்று எடுத்து, பின்திரையை அவர்களிடமே காட்டினாள்.

டிரைவரின் மீசையில் நரைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். ரிவ்யூ பரவாயில்லை. கடைக்காரர் புகைமூட்டம்.

"என்னம்மா இது, என் கடையில என்னையே காணோம்!"

"லென்ஸை முழுசாத் திறந்து வச்சா அப்படித்தான்" என்றான் ரிவ்யூ. "ஒத்தை ஆளை எடுக்க அதுதான் அழகு. லென்ஸோட துளையைச் சுருக்குக்கா, எல்லாரும் வந்துடுவாங்க."

சுருக்கினாள். கடைக்காரர் வந்துவிட்டார். சின்னதில் அவ்வளவு சுருக்காமலே வந்தார். அதற்காகச் சின்னதுதான் உசத்தி என்றும் சொல்ல முடியவில்லை. துளையைச் சுருக்கினால் வெளிச்சம் குறையும், ஆனால் குறைந்த வெளிச்சத்தைப் பெரிய சென்சார் சமாளித்துவிடும். வரவுக்கும் செலவுக்கும் சரியாகப்போனது.

எடுத்த படத்தைத் தானும் பார்க்க வழக்கம்போலத் தலைமேல் கையை வைத்தாள். கண்ணாடி வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தது. கடைக்காரர் சிரித்தார். "எதுக்கும்மா அது? கண்ணு வைக்கிற துளையிலயே எடுத்த படமும் தெரியும். பக்கத்துல ஒரு குட்டிச் சக்கரம் இருக்கு பாருங்க, உங்க கண்ணுக்கேத்த மாதிரி திருப்பிக்குங்க. ரெண்டு கேமராவுலயும் உண்டு."

திருப்பினாள். மூட்டமாக இருந்தது ஓர் இடத்தில் பளிச்சென்று வந்து நின்றது. மாடிப்படியில் நின்ற கடைக்காரரின் சட்டைப் பொத்தான், பொத்தானிலிருந்து பிரிந்த நூல், எல்லாம் தெரிந்தது. எதிரே இருந்த எல்லாவற்றையும் அந்தத் துளை வழியாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"டைம்கீப்பரோட சகலை சொன்னது பொய்யில்லைங்க" என்றாள்.

டிரைவருக்கு அன்றைக்கெல்லாம் தலை நிமிர்ந்தே இருந்தது.

இரண்டிலும் உண்டு என்றால் எதை எடுப்பது? ரிவ்யூ பெரியதின் பக்கம் கச்சை கட்டிக்கொண்டு நின்றான். போட்டோக்கா கைப்பைக்குள்ளிருந்து சாக்ஸ் சித்தப்பாவை எடுத்து இடது கையில் மாட்டிக்கொண்டாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியதை வலது கையால் மட்டும் தூக்கிப் பிடித்தாள். குண்டு லென்ஸோடு அது முன்பக்கம் தலை கவிழ்ந்தது. சித்தப்பா கொட்டாவி விட்டுத் தும்முவதற்குள் மணிக்கட்டு கெஞ்ச ஆரம்பித்துவிட்டது.

"ரெண்டு கையால பிடிக்கா!"

"அப்ப நீ வந்து தும்மு."

சின்னது ஒரு கையில் சொன்ன பேச்சைக் கேட்டது. சித்தப்பா தும்மினார், விரல் அமுக்கியது. கடைக்காரர் தன்னையறியாமல் சிரித்த முகம் படத்தில் விழுந்திருந்தது.

"வருத்தப்படப் போறக்கா. கூடம் இருட்டு" என்றான் ரிவ்யூ. அவன் சொன்னதும் நியாயம்தான்; ஆனாலும் சின்னதையே வாங்கினாள். அந்தக் கவலை படம் எடுக்கிற நாள்வரை அவளைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனதும் முதல் வேலையாகக் கூடத்து ஜன்னல் திரைகளை எல்லாம் விலக்கச் சொன்னாள். அப்படியும் வெளிச்சம் போதவில்லை என்று பட்டதால், வரிசைகளை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ஒவ்வொரு படம் எடுத்ததும் போட்டோக்கா கண்ணைத் துளையிலிருந்து எடுக்காமலே கடைசி வரிசையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கடைசி வரிசை, அந்த நெட்டைத் தம்பி கண்ணை மூடிட்டான். சித்தப்பா இன்னொரு தடவை தும்முவாரு!" முன்வரிசை ஓவென்று கத்தியது. தலைமையாசிரியை சிரித்தாரா என்று மட்டும் அவள் பார்க்க மறந்துவிட்டாள்.

படங்களைக் கொடுத்து இரண்டு மூன்று நாள் ஆகியும் பள்ளிக்கூடத்திலிருந்து பேச்சு மூச்சில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு முதல் பல் முளைத்திருந்தது. அதைப் படம் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் கொண்டுவந்து பாயில் விட்டார்கள். குழந்தை வாயைத் திறக்க மறுத்தது. சித்தப்பா படாத பாடு பட்டுக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் போன் அடித்தது.

"யாரும்மா?" என்றார் டிரைவர், குளியலறைக்குள்ளிருந்து.

எட்டிப் பார்த்தாள். எழுத்துகள் எறும்புப் புற்றாகத் தெரிந்தன. கண்ணாடி தலைமேலும் இல்லை, மேஜைமேலும் இல்லை. கேமராவைப் போனுக்கு நேரே தூக்கித் துளையில் கண்ணை வைத்தாள். எழுத்து பளிச்சென்று வந்தது: எச்.எம். மேடம்.

கேமராவைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. இடது கையாலேயே திரையைத் தேய்த்தாள். பச்சைக் கம்பளி வாய்க்குப் போன் மசியவில்லை. மறுபடி தேய்த்தாள். சித்தப்பா போனைக் கடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்த குழந்தை, ஒற்றைப் பல்லும் தெரிய வாய்விட்டுச் சிரித்தது.

"யாரும்மா, எடுத்துத்தான் பேசேன்!"

"இருங்க, பல்லு தெரியுது!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது.