மூன்றாந்தரம் கேட்டபோது

மானிப்பாயில் ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டாந்தரம் கேட்பார்கள். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று ஒரு பொய்யை எடுத்துவிடவேண்டும். மூன்றாந்தரம் கேட்கும்போது, உங்கள் கரைச்சல் தாங்காமல்தான் என்ற முகத்தோடு வாங்கிக் குடிக்கலாம். கேட்டவுடனே ஓம் என்பவனைப் பற்றி, அவன் வாசல் படலையைத் தாண்டுமுன்னமே கதை தொடங்கிவிடும். உண்மையாகவே வேண்டாதவன் மூன்றாந்தரமும் வேண்டாம் என்பான். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஜெயரூபன் பெர்லினில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறான். ஒரு கம்பனியின் சம்பளக்காரன் அல்ல. மணிக்கு இவ்வளவு என்று பேசி, ஒப்பந்தம் எழுதி, சொந்தப் பெயரில் பில் அனுப்புகிறவன். வேலையில் கெட்டிக்காரன். கூலி கதைக்க வந்தால் மட்டும் நாக்கு உள்ளே போய்விடும்.

கலியாணம் கட்டி முப்பத்தெட்டாம் நாள், தனுசியாவை மானிப்பாயில் விட்டுவிட்டு விமானம் ஏறினான். அவளைக் கூப்பிடுவதற்கு மாதம் இவ்வளவு வருமானம் காட்டவேண்டும் என்றது அந்த நாட்டு விசா அலுவலகம். மணிக்கு அவன் வாங்கிய முப்பத்தெட்டு யூரோவில் வரியும் காப்புறுதியும் போக மிஞ்சியது அதற்குக் காணாது. மணிக்கு ஐம்பது யூரோவாவது வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில் கூட்டிக் கேட்கிறேன் என்று அவளுக்குச் சொன்னான். அவளும் அதை நம்பி, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு வந்து, பின்னேரங்களில் ஜேர்மன் பாஷை படிக்கத் தொடங்கினாள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளும் வந்தது. அவன் வாய் திறக்குமுன்னமே, அவனுக்கு வேலை தருகிற கம்பனிக்காரி கேட்டாள்: உங்கள் வேலை எங்களுக்கு நல்ல திருப்தி, ஐம்பத்திரண்டாகக் கூட்டலாமென்று யோசிக்கிறோம், உங்களுக்கு அது தேவைப்படுமா? ஜெயரூபனுக்கு நெஞ்சு துள்ளியது. ஆனால் அது மானிப்பாயில் வளர்ந்த வாய். பரவாயில்லை, இப்போது தருவதே போதும் என்று சொல்லிச் சிரித்தது. சொல்லிவிட்டு, அவள் இன்னொருதரம் கேட்பாளென்று காத்திருந்தான்.

அவள் கேட்கவில்லை. மிகவும் சந்தோஷம் என்றாள். முப்பத்தெட்டிலேயே இரண்டு வருடத்துக்கு எழுதிய ஒப்பந்தம் அன்று பின்னேரமே வந்து சேர்ந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டான் இந்த மனிதன். சொன்னதை அன்றைக்கே மாற்றிச் சொல்ல வெட்கமாம். அந்த வெட்கத்தைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது?

அதே நகரத்தில் அதே தொழில் செய்கிற ஊர்க்காரன் பிரகலாதன், கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தான். “இஞ்சை ஒருத்தரும் ரெண்டாந்தரம் கேக்கமாட்டாங்கள் ஐசே. வேண்டாம் எண்டா வேண்டாந்தான்.”

தனுசியாவிடம் இதை எப்படிச் சொல்வது? கம்பனி கூட்டித்தர மறுத்துவிட்டது என்று சொன்னான். பாவம், அவள்தான் அவனைத் தேற்றினாள்.

பிறகு அவர்களுக்கு நல்ல காலம் என்று ஒன்று இருக்கவில்லை. விசா விண்ணப்பம் வருமானம் காணாதென்று திரும்பி வந்தது. அடுத்த வருடமும் திரும்பி வந்தது. இடையில் மனதைத் தேற்றிக்கொண்டு கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தான். நீங்கள்தானே போதும் என்றீர்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. தனுசியா பாஷைச் சோதனை பாஸ் பண்ணினாள். சான்றிதழ் அலுமாரிக்குள் கிடந்தது. கோயிலில் காண்கிறவர்கள் எல்லாம் இன்னும் போகவில்லையா என்று கேட்டார்கள். அவளுக்கு முப்பத்திரண்டு முடிந்தது. தொலைபேசியில் சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன் என்பதற்கு மேல் பேச்சு ஓடவில்லை.

இரண்டு வருடமும் ஒருவழியாகக் கழிந்தது. இந்தத்தரம் ஜெயரூபன் வெட்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஐம்பத்தைந்து என்று எழுதினான். ஒரு மணித்தியாலத்துக்குள் சம்மதம் வந்தது. அவ்வளவு இலகுவாக வந்ததுதான் அவனை அழவைத்தது. ஒப்பந்தத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தான்.

குசினி மேசையில் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்த தனுசியா அதை வாங்கி, ஜேர்மன் பாஷையில் இருந்ததைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்தாள். வாசித்து முடித்து மடித்து வைத்தாள்.

“இனி நீர் வரலாம் தனு. எல்லாம் சரி.”

“வேண்டாம்.”

முதலாவது வேண்டாந்தானே என்று அவனுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, வீடு பார்த்து வைத்திருப்பதைச் சொல்லி, இரண்டாந்தரம் கேட்டான்.

“வேண்டாம். பிரகலாதன் அண்ணையின்ரை மனிசி போன வருஷம் லீவிலை வந்தவ. கதையோடை கதையாச் சொன்னவ. கம்பனி தரமாட்டன் எண்டு சொல்லேல்லை. நீங்கள்தான் போதும் எண்டனீங்களாம்.”

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். ஆசையில்லாமல் சொன்னதல்ல, மரியாதைக்குச் சொன்னது, இன்னொருதரம் கேட்பார்களென்று நினைத்தது. “எங்கடை வழக்கம் உமக்குத் தெரியாதே?”

“தெரியும். அண்டைக்கே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பன்.” அவள் சிவப்புப் பேனையை மூடினாள். “மருதடிப் பிள்ளையாரிட்டை ஒரு வருஷமா நேர்த்தி வைச்சனான். அந்தக் கம்பனிக்காரரின்ரை மனசை மாத்து எண்டு. அவையின்ரை மனசு முதலே நல்லாத்தானே இருந்திருக்கு.”

ஜெயரூபன் மூன்றாந்தரம் கேட்கப் பயந்தான். கேட்காதவரைக்கும் அவள் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? லீவில் வந்த ஒன்பது நாளும் அந்த வீட்டில் அப்படியே இருந்தான். அவள் சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள், பள்ளிக்கூடம் போனாள், வந்தாள்.

விமான நிலையத்துக்குப் போக வாடகை வான் ஒன்று வந்து நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பிப் படலைக்கு வந்தான்.

“வாறீரே தனு?”

தனுசியா அவனுடைய சேட்டுக் கொலரைச் சரிபண்ணிவிட்டாள். கண் நிறைந்திருந்தது.

“வேண்டாம்,” என்றாள்.

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.