முழங்காலை மட்டும் விட்டுவிடு

பனிச்சறுக்கு விளையாடப் போக வேண்டும் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியபோது என் இடது புருவத்திலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. கிழித்தது ஒரு சுவிஸ்காரியின் முழங்கை. பர்மாவில், ஆற்றோரத்து அலோன் துறையில் கிடங்குகளுக்குப் பின்னால், தகரக் கூரைக்கு அடியில் இருக்கிறது எங்கள் பயிற்சிக்கூடம். அங்கே லெத்வே பழக மூன்று மாதம் வந்து தங்கியிருந்தாள் அவள். லெத்வே பர்மியக் குத்துச்சண்டை. கையுறை கிடையாது, விரல் முட்டிகளுக்கு மேல் துணிப்பட்டை மட்டும். கையால் குத்தலாம், காலால் உதைக்கலாம், முழங்கையால் கிழிக்கலாம், அதுவும் போதாவிட்டால் தலையால் முட்டலாம்.

அவள் பதறிப்போய்ப் பக்கத்து மீன் பெட்டியிலிருந்து ஒரு ஐஸ் துண்டை அள்ளி என் புருவத்தில் அழுத்தினாள். நான் மயங்கிவிடக் கூடாதே என்று தன் போனை எனது மற்றொரு கண்ணுக்கு நேரே நீட்டினாள். வெள்ளைச் சரிவு ஒன்று. அதில் அவளே வருகிறாள், பஸ்ஸைவிட வேகமாக. எதிலோ தட்டுகிறது. தலைகீழாகப் புரள்கிறாள். காலில் மாட்டிய ஸ்கீ பலகை ஒன்று தனியாகப் பறக்கிறது, இன்னொன்று அவள் முதுகிலேயே அறைகிறது. கடைசியில் எழுந்து உட்கார்ந்து, மூக்கில் ரத்தத்தோடு சிரிக்கிறாள். குளிர்காலம் முழுக்க அந்த மலையில்தான் இருப்பாளாம், ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கும் கடையில் வேலையாம்.

யாரும் கை வைக்காமலே இவ்வளவு அடி வாங்க ஓர் இடமா! புருவத்தில் தையல் போட்டு முடிப்பதற்குள் போவதென்று முடிவு செய்துவிட்டேன்.

அவள் ஊர் திரும்பினாள். நான் அவள் ஊரைப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் நகர மையமான கியாக்டடாவில், கப்பல் சரக்குக்கு ஆவணம் டைப் செய்யும் ஆபீஸில் எனக்கு வேலை. ஜெனரேட்டர் ஓடும் நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் முன்னால் சரக்குப் பட்டியல், பின்னால் மறைவாக அந்த மலையின் வரைபடம். ஒரு பள்ளத்தாக்கு முழுக்க ஊர்கள், அவற்றையெல்லாம் இணைத்துக் கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் பெட்டிகள். சரிவுகளுக்கு நிறம் உண்டு. நீலம் எளிது, சிவப்பு கஷ்டம். கறுப்பு? அதைப் பார்த்ததும் யாரோ அடிவயிற்றில் முழங்காலால் இடித்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு. ஜனவரிக் கடைசியில் பத்து நாள். முதல் மூன்று நாள் குழந்தைகள் சரிவில், வாத்தியாரோடு. நாலாம் நாள் நீலம். ஏழாம் நாள் சிவப்பு. ஒன்பதாம் நாள் என்று எழுதி, அந்தக் கட்டத்தைக் கறுப்பாக நிரப்பி வைத்தேன். தொடங்குகிறவளுக்கு ஸ்கீ நாடி உயரம் இருந்தால் போதும். பூட்ஸ் அளவைச் சென்டிமீட்டரில் சொல்ல வேண்டும். எந்த ஸ்டேஷனில் ரயில் மாறுவது, மாறுவதற்கு எத்தனை நிமிஷம், எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஸ்கீயும் பூட்ஸும் அவள் கடையில் ஓசி. டிக்கெட்டுக்குச் சேமிப்பு இருந்தது.

இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் ஒப்பித்தது அக்காவிடம். பெரியம்மா மகள், என்னைவிட நாலு வயது மூத்தவள். எனக்குப் பதினாறு வயதில் பஸ்ஸில் ஒருவன் கை வைத்தான் என்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆறுதல் சொல்லவில்லை அவள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பயிற்சிக்கூடத்தில் நிறுத்தி, "இவளுக்கு அடிக்கச் சொல்லிக் குடுங்க சயா" என்றாள். சயா என்றால் பர்மியத்தில் ஆசிரியர். அன்றிலிருந்து என் மூக்கை அதிகம் உடைத்தவளும் அக்காதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருமுனையில் மீன் குழம்பு ஊற்றிய மோஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அக்கா, மலைமேல ஏத்துற கம்பிப் பெட்டிக்கு லிஃப்ட் பாஸுன்னு ஒரு அட்டை தர்றாங்க. கையில வச்சிக்கிட்டு அலைய வேணாம். போட்டிருக்கிற சட்டையில, இடது மணிக்கட்டுக்கு மேல, குட்டியா ஒரு பை இருக்குமாம். அதுல போட்டுக்கிட்டு கேட்டுக்குப் பக்கத்துல போனாலே தானா தொறந்துக்குமாம்."

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எந்தக் கையின்னு சொன்னே?"

"இடது."

"ஜிப்பு நாலு விரக்கடை இருக்குமா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டி."

அவள் வேலை ஆற்றுக்கு அக்கரையில், தன்லியின் என்ற ஊரின் தையல் ஃபேக்டரியில். தினமும் விடிவதற்குள் பாலம் தாண்டும் பஸ்ஸில் போவாள். குளிர் நாடுகளுக்குப் போகிற பஞ்சடைத்த சட்டைகள் தைக்கிற இடம். மே மாத வெக்கையில் கழுத்து வழியே வேர்வை ஓட, ஆறு வருஷமாக அந்த ஜிப்பை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இது எதுக்குன்னு சூப்பர்வைசர்கிட்டக் கேட்டேன். நெருப்புப் பெட்டி வைக்கன்னான் அந்தக் கழுதை." மேசையில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். "இடுப்புக்கு உள்ளார ரப்பர் வச்சு ஒரு பாவாடை தைப்போமே, அது எதுக்கு?"

"விழுறப்போ பனி உள்ள பூந்துராம இருக்க."

"விழுவாங்களா?"

"விழுறதுதான்க்கா அங்க முக்கால்வாசி."

அக்கா எழுந்து கை கழுவினாள். "நான் தைச்சதெல்லாம் போயிருக்கு. நானும் போறேன்."

எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? அன்றே என் பட்டியலில் எல்லாவற்றையும் இரண்டாக்கினேன். அந்த வாரமே சுவிஸ்காரியின் மின்னஞ்சல் வந்து எங்கள் இருவர் வயிற்றிலும் உதைத்தது. தன் அறை மிகச் சிறியது, ஒரு படுக்கைதான் உபரி, விசாவுக்கான அழைப்புக் கடிதமும் ஒருத்திக்குத்தான் தர முடியும். யார் என்று நீங்களே முடிவு செய்து பெயரை எழுதுங்கள்.

மாடிப்படியில் நின்று கத்திக்கொண்டோம்.

"திட்டம் பூரா என்னோடது. ரயில் நேரம்கூட நான்தான் கண்டுபிடிச்சேன்."

"ரயில் நேரம் பாத்ததுக்கு மலையே உனக்கா? ஆறு வருஷம் குனிஞ்சு தைச்சவ முதுகைப் பாருடி."

"உனக்கு வரைபடம்கூடப் படிக்கத் தெரியாது."

சொன்னதும் அறை விழுந்தது. வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுத்தேன். கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டாள். பிறகு அக்கா நிதானமாகச் சொன்னாள்: "இங்க வேணாம். ரிங்குல வா. நிக்கிறவ பேரை எழுதுவோம்."

ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம், அதையும் அவள்தான் சொன்னாள். முழங்காலில் உதைக்கக் கூடாது. ஜெயிக்கிறவளுக்கு மலையில் முழங்கால் வேண்டும். மூஞ்சி எப்படிப் போனால் என்ன?

சயாவிடம் போய்ச் சொன்னோம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பர்மியத்தில் கேட்டார்: "லெத்வேயில் புள்ளி கிடையாது. விழுந்து எழாமல் போனால்தான் தோல்வி. அஞ்சு ரவுண்டு முடிஞ்சும் ரெண்டு பேரும் நின்னா?"

"இவ நிக்க மாட்டா" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் கைகாட்டி.

அவர் சிரித்துக்கொண்டே துணிப்பட்டையை எடுத்தார். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. இருப்பது ஒரு கடிதம். சமன் என்று ஒரு முடிவு உள்ள விளையாட்டை வைத்து அதைப் பங்கு போடப் புறப்பட்ட இரண்டு மண்டூகங்கள் நாங்கள். ஆனால் எங்களுக்கு வேறெந்தத் தீர்ப்பு தெரியும்?

சனிக்கிழமை மதியம். கூடத்துப் பெண்கள் கயிற்றைச் சுற்றி நின்றார்கள். போனில் மேளமும் நாயனமும் அலறின. அக்கா இடது கையை மடித்து, வலது உள்ளங்கையால் புஜத்தில் அறைந்து சவால் விட்டாள். அந்தச் சத்தம் கேட்டதுமே என் பழைய தையல் சுருக்கென்றது.

முதல் ரவுண்டில் என் உதடு கிழிந்தது. உப்பு ருசி. சுவையாகவே இருந்தது. இரண்டாம் ரவுண்டில் அவள் முழங்கை தாடைக்குக் கீழே வந்தது மட்டும் ஞாபகம். அடுத்து நான் பார்த்தது தகரக் கூரை. லெத்வேயில் விழுந்தவளுக்கு ஒரே ஒருமுறை இரண்டு நிமிஷம் தருவார்கள், உயிரை மீட்டுக்கொண்டு வர. காதைத் தேய்த்தார்கள், தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், பிடரியில் ஐஸ் வைத்தார்கள். கயிற்றின் அந்தப் பக்கத்திலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "படுத்தே கெட புள்ள. அங்கேர்ந்து உனக்கு போட்டோ அனுப்புறேன்."

எழுந்துவிட்டேன். மூன்றாம் ரவுண்டில் அவள் கழுத்தைக் கட்டி இழுத்து மூக்கில் தலையால் முட்டினேன். உள்ளே ஏதோ முறுக்கு நொறுங்குவது போல் ஒரு சத்தம். ரத்தம் அவள் நாடி வழியாக என் நெற்றியில் சொட்டியது. "இப்ப அனுப்பு போட்டோவ!" என்று கத்தினேன். அவள் சிரித்தாள், பல்லெல்லாம் சிவப்பு. நாலாவதில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு விலாவில் மாறி மாறிக் குத்திக்கொண்டோம். தழுவிக்கொண்டிருப்பதாகத் தூரத்திலிருந்து யாராவது நினைத்திருக்கலாம்.

ஐந்தாவது. என்னிடம் இருந்த எல்லாவற்றையும் அவள் முகத்தில் இறக்கினேன். ஒரு கண் முழுதாக மூடிவிட்டது, ஆனாலும் அவள் விழவில்லை. ரிங்குக்கு வெளியே ஒருத்தி "முப்பது செகண்டு!" என்று கத்தினாள். ரயில் நேரங்கள், பத்து நாள் பட்டியல், நான் நிரப்பி வைத்திருந்த கறுப்புக் கட்டம், எல்லாம் கையைவிட்டு நழுவுவது போல இருந்தது. அவளுடைய இடது கால், முன்னால், முழு எடையும் தாங்கிக்கொண்டு, நேராக நின்றது. பக்கவாட்டிலிருந்து முழங்காலைப் பார்த்து உதைத்தேன்.

தவறிப் பட்டது என்று எழுத ஆசைதான். பார்த்துத்தான் உதைத்தேன்.

ஈரத் துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். அக்கா விழவில்லை. கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் காலைத் தரையில் ஊன்றி, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றாள். என் கைகள் தாமாகவே இறங்கிவிட்டன. மணி அடித்தது. சயா நடுவில் வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. இருவர் கையையும் மேலே தூக்கினார். சமன்.

சைக்காவில் ஏற்றி க்ளினிக்குக்குக் கொண்டுபோனேன். சைக்கிளோடு பக்கவாட்டில் ஒட்டிய இரட்டை இருக்கையில் முதுகோடு முதுகாகத்தான் உட்கார முடியும். ஆகவே அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"ஏன்டி?" என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"நீ விழவே இல்லக்கா."

"விழுந்திருப்பேன். எனக்குக் கண்ணே தெரியல அப்ப. இன்னொரு குத்து மூஞ்சில வுட்டிருந்தா போதும், விழுந்திருப்பேன்." வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள், வண்டிக்காரரையா என்னையா தெரியவில்லை. "ஜெயிச்சிருப்பே, லூசே."

வீங்கியிருந்த என் தாடையை நானே ஒருமுறை குத்திக்கொண்டேன். ஒன்றும் சரியாகவில்லை.

முழங்காலுக்குள் தசைநார் கிழிந்துவிட்டதாம். இந்தக் குளிர்காலம் மலை கிடையாது, நடப்பதே கைத்தடியோடுதான் என்றார் டாக்டர். ஃபேக்டரியில் மிஷின் மிதிக்கத் தேவையில்லாத, நூல் வெட்டும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். நான் இரண்டு நாள் ஆபீஸில் வரைபடத்தைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சுவிஸ்காரிக்குக் கடிதம் எழுதி, பெயர் போடும் இடத்தில் அக்கா பெயரைப் போட்டேன். ஜனவரியை அடுத்த வருஷ ஜனவரியாக மாற்றினேன். அனுப்பும் முன் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் காட்டினேன்.

ஒற்றைக் கண்ணால் படித்தாள். மற்றக் கண் இன்னும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"சயா எத்தனை கையத் தூக்குனாரு?"

"ரெண்டு."

"உன் கையி ஒண்ணு, என் கையி ஒண்ணு. அப்ப ரெண்டு பேரு எழுது."

"ஒரு படுக்கைதான்க்கா இருக்கு."

"தரை இருக்குல்ல? நீ தரையில படு. என் காலை மிதிச்சே, கொன்னுருவேன்." பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தபடி, "என் முழங்காலை உடைச்சிட்டுப் புண்ணியம் தேடப் பாக்குறியா? எனக்குப் பிச்சை வேணாம். வந்து என் முன்னாடி விழு. நான் பாக்கணும்."

இரண்டு பெயர் எழுதி அனுப்பிவிட்டேன், அறையின் தரையை அளந்து சொல்லும்படியும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஒருத்திதான் முடியும் என்று வந்தால் எழுத வேண்டிய பெயர் எது என்று எனக்குத் தெரியும், அதை அக்காவிடம் சொல்லப்போவதில்லை.

அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? அலோனில் படகிலிருந்து மூட்டை ஏற்றும் பழைய சரிவு ஒன்று இருக்கிறது. நீர் வடிந்ததும் மேலிருந்து கீழ்வரை பச்சைப் பாசி, காகம்கூட வழுக்கும். நாடி உயரத்துக்கு இரண்டு பலகை அறுத்து, அடியில் மெழுகு தேய்த்து, பழைய பூட்ஸ் இரண்டை அவற்றில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். முழங்காலை மடக்கு, எடையை முன்னால் தள்ளு, பின்னால் சாயாதே என்று வீடியோவில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நீர் இறங்கும் நேரத்தையும் பார்த்துக் குறித்தாயிற்று. அக்கா சைக்காவில் வந்து சரிவின் உச்சியில் ஒரு ஸ்டூல் போட்டுக் காலை நீட்டி உட்காரப்போகிறாள். முதல் தடவையே நான் விழாமல் நின்றுவிட்டால் கைத்தடியால் முதுகில் ஒன்று வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

வைக்கட்டும்.