பதினோரிதழ்க் கட்டில்

கடைசல் எந்திரத்தில் மரம் சுழலும். உளி அசையாது நிற்கும். ஆகையால் அதில் பிறப்பன எல்லாம் உருண்டு திரண்டவை: பம்பரம், பூரிக்கட்டை, கட்டிற்கால். இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, மரத்தை நிறுத்திவிட்டு உளிமுனையைச் சுழலவிட்டால், உருண்டையின்மேல் இதழ்களை எழுப்பலாம் என்பது என் நெடுநாள் ஆசை. கள்ளக்குறிச்சியில் தமிழாசிரியனாக இருந்த எனக்குப் புத்தகங்களுக்கு அடுத்தபடியாக உவப்பளித்தது, வீட்டின் பின்புறக் கொட்டகையில் நின்ற அந்த எந்திரமே.

இடஒதுக்கீடு கேட்டு மக்கள் சாலைக்கு வந்த ஆண்டுகள் அவை. சாலைகளின் குறுக்கே மரங்கள் வீழ்த்தப்பட்டன, பேருந்துகள் ஓடவில்லை, பள்ளிக்கும் விடுமுறை விட்டார்கள். அத்தகைய ஒரு காலையில், கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த என் நண்பர், நாங்கள் ‘பாய்’ என்றழைப்பவர், வாடிய முகத்தோடு வந்தார். அவர் மகளுக்குப் பத்து நாளில் திருமணம். சீர்வரிசையாக அனுப்பவேண்டிய கட்டிலுக்குச் சென்னையில் கடைந்த நான்கு கால்கள், ஏற்றிவந்த லாரியோடு உளுந்தூர்பேட்டையில் சிக்கிக்கொண்டன. அது எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல இயலவில்லை.

“சட்டம் பலகை எல்லாம் ரெடியா இருக்குது, வாத்தியாரே. காலுதான் இல்ல. காலில்லாத கட்டிலயா மணலூர்பேட்டைக்கு அனுப்புறது? சம்பந்தி வூட்ல இன்னா நெனப்பாங்க?”

பையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து விரித்தார். அவர் மகள் தன் கையால் தைத்த பூ அதில் மலர்ந்திருந்தது, பன்னிரண்டு இதழ்கள். தலையணையில் உள்ள பூவே கட்டிற்காலிலும் இருக்கவேண்டும் என்பது அப்பெண்ணின் ஒரே விருப்பம்.

“நான் செய்து தருகிறேன்” என்றேன். எவ்வாறு என்பதைச் சொன்ன பிறகே சிந்தித்தேன்.

மரத்துக்குக் கவலையில்லை. கல்வராயன் மலையிலிருந்து வந்து, எங்கள் மாட்டுக்கொட்டகையில் தூணாக நின்று நன்கு உலர்ந்த வேங்கை இருந்தது. காலின் தலைப்பில் குமிழ் கடைந்து, அதன்மேல் நெடுக்காகப் பள்ளங்கள் இட்டால், மேலிருந்து நோக்க மலர்ந்த பூவாகத் தோன்றும். பள்ளங்கள் சம இடைவெளியில் அமைய, மிதிவண்டிக் கடையில் பழைய பற்சக்கரம் ஒன்றை வாங்கி, மரத்தைத் தாங்கும் அச்சின் முனையில் பொருத்தினேன். பற்களின் இடையே விழுந்து மரத்தை அசையாமல் பிடிக்க ஓர் இரும்புக் கொண்டியும் அமைத்தேன். “நாப்பத்தெட்டுப் பல்லு சார்” என்றார் கடைக்காரர். நான்கு பல்லுக்கு ஒரு பள்ளம், ஆகப் பன்னிரண்டு இதழ். தாளில் கணக்கு மிக அழகாக வந்தது.

உளிமுனையைச் சுழற்றும் விசைக்கு என் கண் சென்ற இடம், என் மனைவியின் தையல் எந்திரம். தலையைக் கழற்றி வைத்துவிட்டு, மிதிசக்கரத்தோடு கூடிய சட்டத்தை இழுத்துச் சென்றேன்.

“இன்னாங்க இது, எம் மிஷினு பெடல எங்க தூக்கிக்கினு போறீங்க?”

“நான்கே நாள்தான்.”

“நாலு ரவிக்க தெக்காம கெடக்குது. எவளாச்சும் வந்து கேட்டா, வாத்தியாரு கட்டிலுக்குப் பூ வெச்சிக்கினு இருக்காருன்னு சொல்லிடவா?”

நான் மிதித்தபோது சக்கரம் முன்னுக்கு ஓடாமல் பின்னுக்கு ஓடிற்று; சக்கரத்தையும் உளிமுனையையும் இணைத்த கயிறு கழன்று விழுந்தது. மும்முறை பொறுத்தவள், நான்காம் முறை முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

“தள்ளுங்க. நூலு அறுந்துக்காம மிதிக்கறதுக்கே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு.”

அவள் மிதித்தாள், நான் உளிமுனையை நகர்த்தினேன். வேங்கையின் தூள் பறந்து அவள் கூந்தலில் மஞ்சளாய்ப் படிந்தது. ஒரு பள்ளம் முடிந்ததும் கொண்டியைத் தூக்கி, நான்கு பல் தள்ளி, மீண்டும் விடுவேன். தொடங்கிய பள்ளத்துக்கே மரம் திரும்பி வந்த கணத்தில் இருவரும் ஒருசேரக் கூவினோம். அவ்வளவு நேர்த்தியாக வட்டம் மூடியிருந்தது! அடுத்த மூன்று கால்களும் அவ்வாறே அமைந்தன.

பாய் வந்தார். குமிழைத் தடவித் தடவி மகிழ்ந்தார். பிறகு விரல் வைத்து எண்ணினார், முகம் மாறியது, மறுபடியும் எண்ணினார்.

“வாத்தியாரே, ஒண்ணு கம்மியா இருக்குதே.”

நான்கு கால்களிலும் பதினோரிதழ்! ஓடிச்சென்று பற்சக்கரத்தை எண்ணினேன். நாற்பத்து நான்கு பற்கள். ‘விடையைச் சரிபார்த்தாயா?’ என்று மாணவரை நாள்தோறும் கடிந்தவன் நான். வேறு வேங்கை இல்லை. கட்டில் புறப்பட மூன்றே நாள் இருந்தது.

செய்தி கேட்டு மணப்பெண்ணே வந்துவிட்டாள். குமிழை எண்ணினாள், தன் தலையணை உறையையும் உற்று நோக்கினாள். அழப்போகிறாள் என்று நான் தலைகுனிந்திருக்க, அவள் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள்.

“அத்த, உண்மைய சொல்லிடறேன். பன்னெண்டாவது எதழுக்கு எடமே இல்ல. நெருக்கித் திணிச்சித்தான் தெச்சேன். பாருங்க, எப்பிடி கோணிக்கினு இருக்குது!”

“அப்போ மரந்தான் ஒழுங்கு” என்றாள் என் மனைவி. “மரத்துல எதழ ஒட்ட முடியாது. உறைய புதுசா தெச்சிடலாம். ஏங்க, எம் பெடல கொண்டாந்து போடுங்க!”

பூவைக் கடைந்த மிதிசக்கரம் அன்று மாலையே பூவைத் தைக்கத் திரும்பியது. இருவரும் அருகருகே அமர்ந்து இரண்டு உறைகளிலும் பதினோரிதழ்ப் பூவை மலரவைத்தார்கள்.

மூன்றாம் நாள் கட்டிலை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்களும் உடன் சென்றோம். தியாகதுருகம் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. மரத்துக்கு அப்பால் மாப்பிள்ளை வீட்டு வண்டி காத்திருந்தது. இடையே, மறியல் செய்த இளைஞர் பத்துப் பதினைந்து பேர். பாய் வண்டியை விட்டு இறங்கி அவர்கள் எதிரே போய் நின்றார்.

“இன்னா பாய், கட்டிலா?”

“பொண்ணு கல்யாணம், தம்பி.”

“அட, முன்னாடியே சொல்றதில்லையா? டேய், வந்து புடிங்கடா! காலு இடிக்காம தூக்கு!”

கட்டில் கிளைகளுக்கு மேலே எழுந்தது. பத்துக் கைகளில் மிதந்து, மரத்துக்கு அப்பால் மெல்ல இறங்கியது. ஓர் இளைஞன் குமிழைத் தடவினான்.

“சோக்கா இருக்குதே! யாரு செஞ்சது?”

என் மனைவி முந்திக்கொண்டாள்.

“நாந்தான் மிதிச்சேன், தம்பி. இவரு எண்ணாம பாத்துக்கினு இருந்தாரு.”