சகலை கையில் ஆர்கான் டார்ச்சு

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் எனக்குச் சகலை. அந்த உறவை எவன் கண்டுபிடித்தானோ, அவனை மணிமுத்தாற்றில் வெள்ளம் வருகிற நாளாகப் பார்த்துத் தள்ளிவிட வேண்டும். அண்ணன் தம்பி என்றால் சண்டை போட்டுப் பாகம் பிரித்துக்கொள்ளலாம். சகலையிடம் எதைப் பிரிப்பது? நல்லூரில் மாமியார் வீட்டுக்குப் போனால் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே குழம்பை ஊற்றுவார்கள். மீன் தலை மட்டும் எப்போதும் அவன் இலையில் விழும். கேட்டால், "சின்ன மாப்ளைக்கு முள்ளு பாத்துத் தின்னத் தெரியும்" என்பார் மாமியார். எனக்கென்ன, முள் குத்திச் சாகிற வயசா?

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டி இருந்த ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வெல்டர்கள். சாடி, கோப்பை, பியூஸ் கட்டை எல்லாம் அங்கே சூளையிலிருந்து வெளியே வரும். உடைந்த தள்ளுவண்டி, சூளைக் கதவு, மண் அரைக்கிற உருளை, இவற்றை ஒட்டவைப்பது எங்கள் வேலை. முதலில் சேர்ந்தவன் நான். அவனைக் கூட்டிவந்து சேர்த்துவிட்டதும் நான்தான். மனைவி அழுதாள், மாமனார் கெஞ்சினார், செய்தேன். யாரைச் சொல்லி நோவது?

அந்த வருஷம் வெள்ளைக் கோப்பைகளில் மிளகு தூவியதுபோலக் கரும்புள்ளி விழ ஆரம்பித்தது. மேலே பூசுகிற கிளேஸை வைத்திருந்த இரும்புத் தொட்டி துருப்பிடித்து அதில் உதிர்ந்ததுதான் காரணம். எவர்சில்வரில் ஆளுயரத் தொட்டி செய்வதென்று மேனேஜர் முடிவு செய்தார். எங்கள் ராடு வெல்டிங்கில் அதை ஒட்டினால் கசடு நிற்கும், பொறி தெறித்து ஒட்டும், அந்த இடத்தில் மறுபடி துரு, பழைய கதைதான். அதனால் ஆர்கான் மெஷின் வாங்கினார்கள். ஆர்கான் வாயுவை ஊதி, காற்று படாமல் மூடிக்கொண்டே ஒட்டவைக்கிற, சுற்றுவட்டாரத்தில் எவனும் பார்த்திராத மெஷின். அதைக் கற்றுக்கொள்ள ஓர் ஆளை மெட்ராஸுக்கு அனுப்பப் போவதாகச் செய்தி வந்தபோது நான் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தேன். அனுப்பியது அவனை.

"அவன் கை நடுங்காதுய்யா. ஒனக்குக் கோவம் வந்தா கை நடுங்குது" என்றார் மேனேஜர். அதைக் கேட்டதும் கோபம் வந்தது, கை நடுங்கியது.

மெட்ராஸிலிருந்து அவன் திரும்பிய நாளை மறக்க முடியாது. ஆட்டுத்தோலில் மெத்தென்ற கையுறை, தலையிலேயே மாட்டிக்கொள்கிற கறுப்பு முகமூடி. நான் அதுவரை ஒரு கையில் முகத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுகையில் ராடு ஹோல்டரைப் பிடித்தவன். சூளை ஆட்கள், கலவைக்காரர்கள், வாட்ச்மேன், எல்லாரும் அவனைச் சுற்றி நின்றார்கள். நான் என் மூலையில் நின்று ஒரு தள்ளுவண்டிச் சக்கரத்தை வெட்டியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

முதலில் சிலிண்டரை நிறுத்திச் சுவரோடு சங்கிலி போட்டான். சாய்ந்து விழுந்து கழுத்து உடைந்தால் அது குண்டுதான் என்றான். வாயுவை அளக்கிற மீட்டரை மாட்டுவதற்கு முன்னால், ஒதுங்கி நின்று, வால்வை லேசாகத் திறந்து 'புஸ்' என்று ஒருமுறை ஊதவிட்டு மூடினான். சிலிண்டர் வாயில் இருக்கிற தூசு போக வேண்டுமாம். மாட்டிய பிறகு இணைப்பெல்லாம் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தான். பெண் பார்க்க வந்தவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். எர்த்து கிளாம்பைக் கவ்வ வைக்கிற இடத்தைப் பளபளவென்று தேய்த்தான். டார்ச்சு என்கிற கைப்பிடியின் முனையில் செருகுகிற டங்ஸ்டன் கம்பியை அதற்கென்றே வைத்திருந்த சாணைக்கல்லில் நீளவாக்கில் தீட்டினான். நான் என் உளியைக் கொண்டுபோய் அந்தக் கல்லில் வைத்தபோது, "அண்ணே, அதுல வேற எதையும் தீட்டக்கூடாதுண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்றான். கோவிச்சுக்காமல் எப்படி இருப்பது? நான் வாங்கிக் கொடுத்த வேலையில், என் கண்ணெதிரே, ஒரு கல்லைத் தொடாதே என்கிறான்.

அவன் சட்டைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொள்வதைப் பார்த்துச் சிரித்தேன். "என்னா சகலை, நலுங்கு வெக்கப் போறாங்களா?"

"இதுல பொகையே இல்லண்ணே. வெளிச்சம் நேரா தோலுல வுழும். வெயில்ல வெந்த மாரி உரிஞ்சிடும்."

பிறகு பற்றவைத்தான். நியாயமாகச் சொல்ல வேண்டும், எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அது ஒரு சத்தமில்லாத வேலை. என் ராடு போலப் படபடவென்று வெடிக்கவில்லை. வலது கையில் டார்ச்சு, இடது கையில் உருக்கிச் சேர்க்கிற மெல்லிய கம்பி, தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து நகர்ந்தான். முடித்த பிறகும் டார்ச்சை அங்கேயே பிடித்திருந்தான், சூடு ஆறும்வரை காற்று படாமல் ஆர்கான் மூடியிருக்க வேண்டுமென்று. கையை எடுத்தபோது மீன் செதில் அடுக்கியதுபோல ஒரு தையல். தட்ட வேண்டாம், தேய்க்க வேண்டாம். மேனேஜர் விரலால் தடவிப் பார்த்தார். என் வேலையை எந்த மேனேஜரும் தடவிப் பார்த்ததில்லை.

அவன் கையின் ஓட்டத்தைப் பார்த்துவிட வேண்டுமென்ற வெறியில் நான் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஓரக்கண்ணால் எட்டி எட்டிப் பார்த்தேன். பொழுது சாய்ந்ததும் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல ஆகிவிட்டது. புதுசாகச் சேர்ந்தவனுக்கு வருகிற வியாதி அது. அத்தனை வருஷம் வெல்டராக இருந்தவன் உருளைக்கிழங்கை அரிந்து கண்ணில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். "என்னாச்சுங்க?" என்றாள் மனைவி. "தூசு" என்றேன். "ஒங்க சகலை எவ்ளோ பத்தரமா இருக்கறாரு, பாத்துக் கத்துக்கலாமில்ல" என்றாள். பார்த்ததால்தானடி இந்தக் கதி என்று சொல்ல முடியுமா?

வெளித் தையல்கள் முடிந்தன. மிச்சம் இருந்தது தொட்டியின் அடிப்பாகம். ஏணி வைத்து உள்ளே இறங்கிக் குத்துக்காலிட்டு அடியோரமாகச் சுற்றி வெல்டிங் போட வேண்டும். அன்றைக்குக் கொட்டகையில் காற்று சுழன்று அடித்தது. "காத்து பட்டா ஆர்கான் கலைஞ்சிடும், தையலு பொத்தலாயிடும்னு மெட்ராஸுல சொன்னாங்க" என்றான் சகலை. காற்று படக்கூடாது என்ற வார்த்தை எங்கள் ஊர் பீங்கான்காரர்கள் காதில் விழுந்தால் போதும். சூளையில் வைக்காத பச்சைச் சாடியைக் காய வைக்கும்போது ஒரு பக்கமாகக் காற்று பட்டால் விரிசல் விடும். அதனால் கதவைச் சாத்தி, ஈரச்சாக்கைப் போர்த்துவது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. யாரும் சொல்லாமலே கொட்டகைக் கதவைச் சாத்தினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். அவன் உள்ளே இறங்கியதும் தொட்டி வாயை ஈரச்சாக்குகளால் பாதிக்குமேல் மூடிவிட்டார்கள். சாடியை மூடுகிற அதே அக்கறை. உள்ளே இருப்பது சாடி இல்லை, மூச்சு விடுகிற ஆள் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. ஆர்கானுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. காற்றைவிடக் கனமானது, மூச்சுக்காற்றை மேலே தள்ளிவிட்டுப் பள்ளத்தில் தண்ணீர்போலத் தேங்கும். அது எங்களுக்குத் தெரியாது. அவனுக்கு மெட்ராஸில் சொல்லியிருந்தாலும் அங்கே தொட்டிக்குள் இறக்கிக் காட்டியிருக்க மாட்டார்கள்.

நடுவில் அவன் டீ குடிக்க ஏறி வந்தான். டார்ச்சை உள்ளேயே தொங்கவிட்டு வந்தான். அதன் வால்வு மூடியிருந்ததா என்று யார் பார்த்தது? சாக்கை மறுபடி இழுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் டீக்கடைப் பக்கம் போனோம். அங்கேயும் அவனைச் சுற்றித்தான் பேச்சு. எனக்கு டீ கசந்தது.

திரும்பி வந்து அவன் இறங்கினான். மற்றவர்கள் தங்கள் வேலைக்குப் போனார்கள். நான் போகவில்லை. எனக்கு எங்கே வேலை ஓடுகிறது? சாக்கு இடுக்கு வழியாக ஒளி வந்து கூரை ஆஸ்பெஸ்டாஸில் நீலமாக ஆடும். கொஞ்சம் நிற்கும், கம்பி மாற்றுகிறான் என்று அர்த்தம். மறுபடி ஆடும். கூரையைப் பார்த்தே அவன் கை எங்கே இருக்கிறதென்று என்னால் சொல்ல முடியும். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒளி நின்றது. கம்பி மாற்றுகிற நேரம் கடந்தும் வரவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! டங்ஸ்டன் தையலில் ஒட்டிக்கொண்டது, எவர்சில்வர் ஓட்டை விழுந்துவிட்டது, மெட்ராஸ் படிப்பு பல்லிளித்துவிட்டது என்று நினைத்தேன். அவன் முழிக்கிற முழியை முதல் ஆளாகப் பார்க்க வேண்டுமென்று ஓடிப்போய் ஏணியில் ஏறிச் சாக்கை விலக்கினேன்.

அடியில் குப்புறக் கிடந்தான். முகமூடி கழன்று ஓரமாக உருண்டிருந்தது.

"ஐயோ, சகலை!" என்று நான் போட்ட கூச்சலில் சூளை ஆட்கள் ஓடி வந்தார்கள். நான் ஏணியிலிருந்து குதித்துப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன், சிலிண்டரை மூடினேன். பிட்டர் ஒருத்தன் தொட்டிக்குள் இறங்கினான். இடுப்பு வரை போய்க் குனிந்தவன் கண் செருகித் தடுமாறினான். அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்கள். "உள்ள மூச்சு வுட முடியல" என்று அவன் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எறங்காதீங்க! சாய்ங்கடா தொட்டிய! அப்பிடியே சாய்ங்க!" என்று கத்தினேன். பொத்திப் பொத்தி வளர்த்த தொட்டி, மேனேஜர் தடவிப் பார்த்த தொட்டி. தோள் கொடுத்துச் சாய்த்துச் சாக்குக் குவியலில் கிடத்தினோம். காலைப் பிடித்து அவனை வெளியே இழுத்தேன். கதவைத் திறந்து காற்றில் போட்டோம். உதடு நீலம். மாமியார் வீடு, மச்சினிச்சி, அவள் வயிற்றில் இருந்த பிள்ளை, எல்லாம் என் கண்முன் வந்து நின்றது. கன்னத்தில் மாற்றி மாற்றி அறைந்தேன். இத்தனை நாள் அறைய நினைத்ததற்கும் சேர்த்து அறைந்தேன். ஒரு பெரிய இழுப்பாக மூச்சு வந்தது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பிறகு என்ன, ஆஸ்பத்திரியில் ராஜ மரியாதை. மாமியார் நல்லூரிலிருந்து நாட்டுக்கோழி ரசத்தைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். மயக்கம் போட்டவனுக்குக் கோழி ரசம், தொட்டியைச் சாய்த்தவனுக்கு "காப்பி குடிச்சீங்களா மாப்ளே" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்!

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நீங்க பாத்துக்கிட்டே இருப்பீங்கன்னு தெரியும்ண்ணே. அந்த தைரியத்துலதான் எறங்குனேன். எம்மேல ஒங்களுக்கு அவ்ளோ பாசம்." அவன் பாசம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

மேனேஜர் புதுச் சட்டம் போட்டார். சாக்கு கூடாது. உள்ளே ஒரு குழாய் வழியாக மெதுவாக நல்ல காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓர் ஆள், அவன் கண்ணை எடுக்கக்கூடாது. டாக்டர் சகலையைக் கொஞ்ச நாள் தொட்டிக்குள் இறங்க வேண்டாமென்று சொல்லிவிட்டார். மிச்சத் தையல் எனக்கு வந்தது.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை வந்ததில்லை. மீட்டர், சோப்பு நுரை, எர்த்து, கழுத்துப் பொத்தான், ஒன்றையும் விடவில்லை. எவனும் சொல்லித்தரவில்லை, என் வயிற்றெரிச்சல் சொல்லித்தந்திருந்தது. அந்தச் சாணைக்கல்லில் டங்ஸ்டனைத் தீட்டியபோது கை நடுங்கவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டி இறங்கினேன். வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது சகலை.

தையல் வந்தது. செதில் செதிலாக வந்தது. கம்பி மாற்ற நிறுத்தி, முகமூடியைத் தூக்கி, அவன் முகத்தில் என்ன தெரிகிறதென்று பார்க்க நிமிர்ந்தேன். தொட்டி விளிம்பில் முகமே இல்லை. கயிறு தொளதொளவென்று தொங்கியது. கொஞ்ச தூரத்தில், சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரனோடு சேத்தியாத்தோப்புச் சந்தை மாட்டைப் பற்றி அவன் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"சகலை!"

"சொல்லுங்கண்ணே!"

"என்னாத்தய்யா பாத்துக்கிட்டு இருக்கற?"

விளிம்பில் முகம் வந்தது. வாயெல்லாம் பல். "ஒங்க வேலயில நான் என்னாண்ணே பாக்கறது? நீங்க அருமையா பண்ணுவீங்க. பண்ணுங்க, பண்ணுங்க." சொல்லிவிட்டு மறுபடி மாட்டுப் பேச்சுக்குப் போய்விட்டான்.

நான் மயங்கி விழுந்தாலும் மாட்டை விலை பேசி முடித்த பிறகுதான் இவன் எட்டிப் பார்ப்பான். டார்ச்சு வால்வை மூடினேன். ஏணியில் ஏறி வந்து கயிற்றை அவிழ்த்தேன். என்மேல் அவனுக்குத் துளிப் பொறாமை இருந்திருந்தால் அந்தத் தையலை நானே முடித்திருப்பேன். டாக்டர் சொன்ன நாள் கழியட்டும், மிச்சத்தை அவனே போடட்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

அந்த நாளும் வந்தது. அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

"எறங்கு. நான் நிக்கிறேன்" என்றேன்.